எச்.பி.வி. தடுப்பூசி: எந்த வயதில், எத்தனை டோஸ், அதன் பிறகு என்ன?

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேச்சு எடுத்தால் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “பொண்ணுக்குப் பத்து வயசுதானே ஆகுது, இப்பவே எதுக்கு?” “எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, இனிமேல் போட்டு என்ன பிரயோஜனம்?” “அதான் ஊசி போட்டாச்சே, அப்புறம் எதுக்குப் பரிசோதனை?” மூன்றும் வெவ்வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் கிடைக்கிறது. இந்த ஊசி வைரஸ் உடலுக்குள் நுழைவதைத் தடுக்கும். நுழைந்துவிட்ட வைரஸை விரட்டாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வயது, டோஸ் எண்ணிக்கை, பரிசோதனை என்று குழப்புகிற பல விஷயங்கள் தாமாகவே தெளிந்துவிடும்.

முதலில் வைரஸைப் பற்றிக் கொஞ்சம். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்பது ஒரே வைரஸ் அல்ல. 200க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். கைகால்களில் வரும் சாதாரண மருவுக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வகைகளே காரணம். ஏறத்தாழ 40 வகைகள் பிறப்புறுப்புப் பகுதியைத் தொற்றுபவை. அவற்றிலும் பன்னிரண்டு, பதினான்கு வகைகளுக்குத்தான் புற்றுநோயை உண்டாக்கும் திறன் இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே காரணம். 31, 33, 45, 52, 58 ஆகிய ஐந்தும் சேர்ந்து இன்னொரு 20 சதவீதத்துக்குப் பொறுப்பு. 6, 11 என்ற வகைகள் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. ஆனால் பிறப்புறுப்பில் வரும் மருக்களில் 90 சதவீதம் இவற்றின் வேலைதான். எந்தத் தடுப்பூசி எதைத் தடுக்கிறது என்று பார்க்கும்போது இந்த எண்கள் திரும்ப வரும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஹரால்ட் ஸூர் ஹவுசன். அந்தக் காலத்தில் பலரும் ஹெர்பிஸ் வைரஸைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய குழு 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் கருப்பைவாய்க் கட்டிகளில் கண்டெடுத்தது. அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸ் மிகச் சாதாரணமானது. பாலுறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஏறக்குறைய 90 சதவீதத் தொற்றுகளை உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது. மீதமுள்ள சிலரிடம்தான் அது பல ஆண்டுகள் தங்கி, கருப்பைவாய்ச் செல்களை மெல்ல மாற்றுகிறது. தொற்றிலிருந்து புற்றுநோய் வரை போக வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே அது நடந்துவிடலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பரிசோதனையில் ‘எச்.பி.வி. பாசிட்டிவ்’ என்று வந்தவுடன் சில வீடுகளில் சண்டை தொடங்கிவிடுகிறது. யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்று விசாரணை நடக்கிறது. இந்த வைரஸ் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் இருந்துவிட்டுப் பிறகு பரிசோதனையில் தென்படக்கூடியது. அந்த முடிவை வைத்துக்கொண்டு யாருடைய நடத்தையையும் கணக்குப் போட முடியாது. திருமணத்துக்கு முன்பா பின்பா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும் என்றாலும், தோலோடு தோல் உரசுவதால் பரவும் வைரஸ் என்பதால் முழுப் பாதுகாப்புக் கிடைக்காது.

ஊசிக்குள் என்ன இருக்கிறது?

“வைரஸைத்தானே உள்ளே செலுத்துகிறார்கள்” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்தத் தடுப்பூசியில் வைரஸ் இல்லை. உயிருள்ளதும் இல்லை, கொல்லப்பட்டதும் இல்லை. வைரஸின் வெளி உறையை உண்டாக்கும் எல்1 என்ற ஒரே ஒரு புரதம்தான் இருக்கிறது. அந்தப் புரதத்துக்கு ஒரு வினோத குணம்: போதுமான அளவு சேர்ந்தால் தானாகவே ஒன்றோடொன்று பிணைந்து, பார்ப்பதற்கு வைரஸ் போலவே இருக்கும் உருண்டையாகிவிடும். ஓர் உருண்டைக்கு 360 புரதங்கள். உள்ளே மரபணு எதுவும் கிடையாது, வெறும் கூடு. பெருகவும் முடியாது, தொற்றவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேஸரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் ஜோவும் 1991இல் இதைச் செய்து காட்டினார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டக்ளஸ் லோவியும் ஜான் ஷில்லரும் இதே திசையில் பெரிய பங்களித்தவர்கள். 2006இல் முதல் தடுப்பூசி அனுமதி பெற்றது. ஜியான் ஜோ அதைப் பார்க்கவில்லை, 1999இலேயே இறந்துவிட்டார்.

இயற்கையாகத் தொற்று வந்து போனாலே எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். அம்மை போன்ற நோய்களுக்கு அந்தக் கணக்குச் சரி. எச்.பி.வி.க்குச் சரிப்படாது. இந்த வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே குடியிருக்கிறது. ரத்தத்துக்குள் போவதில்லை, அழற்சி உண்டாக்குவதில்லை. அதனால் உடலின் காவல் அமைப்பு அதைச் சரியாகக் கவனிப்பதே இல்லை. தொற்று வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அளவிடக்கூடிய எதிர்ப்பொருள்களே (ஆன்டிபாடி) உருவாவதில்லை. ஊசி தசைக்குள் போவதால் நிலைமை தலைகீழாகிறது. இயற்கைத் தொற்றில் உண்டாவதைவிடப் பல மடங்கு எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் உருவாகி, கருப்பைவாயின் மேற்பரப்புக்கும் கசிந்து சென்று அங்கே காத்திருக்கின்றன. வைரஸ் செல்லைத் தொடும் முன்பே அதைப் பிடித்துவிடுகின்றன.

செல்லுக்குள் புகுந்துவிட்டால் கதை வேறு. வைரஸ் தன்னுடைய ஈ6, ஈ7 என்ற புரதங்களை உற்பத்தி செய்து, செல் கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் இயற்கையான கட்டுப்பாடுகளை முடக்குகிறது. அந்த நேரத்தில் வெளியுறையை அடையாளம் காணும் எதிர்ப்பொருளுக்கு அங்கே வேலை இல்லை. கோஸ்டா ரிக்காவில் ஏற்கெனவே தொற்று இருந்த பெண்களுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார்கள். போடாதவர்களைவிட அவர்களுக்கு வைரஸ் வேகமாக நீங்கவில்லை என்பதே 2007இல் வெளியான முடிவு. ஆகவே ‘எச்.பி.வி. பாசிட்டிவ் வந்திருக்கிறது, ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஏன் அவ்வளவு சின்ன வயதில்?

9 முதல் 14 வயது என்றதும் பெற்றோருக்கு ஒரு சங்கடம் வருகிறது. பாலுறவோடு தொடர்புள்ள ஒரு நோய்க்குக் குழந்தைக்கு ஊசியா என்ற கூச்சம். அந்தச் சங்கடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தடுப்பூசி எதற்கு என்று யோசித்தால், வைரஸைச் சந்திக்கும் வாய்ப்பே இல்லாத வயதில் போடுவதுதான் அதன் முழுப் பலனையும் பெறும் வழி. பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமானதும் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். இருபத்தைந்தில் போடுகிற ஊசி பத்தில் போட்ட ஊசியாகாது. இன்னொரு காரணமும் உண்டு. 15 வயதுக்குள் போடும்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களின் அளவு, இருபதுகளில் போடும்போது உண்டாவதைவிட அதிகம்.

இது வெறும் கோட்பாடு இல்லை. இங்கிலாந்தில் 2008இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது 12, 13 வயதுப் பெண்களுக்கு வழக்கமாகவும், 18 வயது வரையிலான மூத்தவர்களுக்கு விடுபட்டதை ஈடுகட்டவும் போட்டார்கள். அவர்கள் வளர்ந்த பிறகு புற்றுநோய்ப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்து 2021இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 12–13 வயதில் ஊசி வழங்கப்பட்ட தலைமுறையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14–16 வயதில் என்றால் 62 சதவீதம். 16–18 வயதில் என்றால் 34 சதவீதம். அதே ஊசி, அதே நாடு, சில ஆண்டுகள் மட்டுமே வித்தியாசம். எந்த விளக்கத்தைவிடவும் இந்த மூன்று எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டு சுவீடனிலிருந்து வந்த, 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே காட்டியது. 17 வயதுக்கு முன்பு போட்டவர்களிடம் 88 சதவீதக் குறைவு. அதற்குப் பிறகு 30 வயதுக்குள் போட்டவர்களிடம் 53 சதவீதம். ஸ்காட்லாந்தில் 12–13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இதுவரை பரவும் நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

இந்த எண்களைத் தலைகீழாகவும் படிக்கலாம். 16–18 வயதில் போட்டவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, பூஜ்யம் அல்ல. நேரம் தவறிவிட்டது என்று கைவிட வேண்டியதில்லை.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

இதில்தான் இப்போது அதிகக் குழப்பம். அக்காவுக்கு மூன்று ஊசி போட்டார்கள், தங்கைக்கு ஒன்றே போதும் என்கிறார்கள், எது உண்மை என்று கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டுமே அந்தந்த நேரத்தில் சரியானவைதான். 2006இல் தொடங்கியபோது ஆறு மாதத்தில் மூன்று டோஸ். சிறு வயதினருக்கு இரண்டு டோஸிலேயே போதுமான எதிர்ப்பு உருவாவது தெரிந்ததும், 2014இல் உலக சுகாதார நிறுவனம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டாகக் குறைத்தது.

ஒரே டோஸ் என்ற யோசனை வந்த விதம் சுவாரசியமானது. இந்தியாவில் 2009இல் இரண்டு டோஸையும் மூன்று டோஸையும் ஒப்பிட ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 2010இல் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகள் எல்லாவற்றையும் அரசு நிறுத்தச் சொன்னதால் பாதியில் நின்றுபோனது. அதனால் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே டோஸோடு நின்றுவிட்டார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு டோஸ் பெற்றவர்களிடமும் 16, 18 வகைகளின் நிலைத்த தொற்று ஏறக்குறைய 95 சதவீதம் தடுக்கப்பட்டிருந்தது என்று 2021இல் தெரிந்தது. தற்செயலாகக் கிடைத்த தரவு என்பதால் முறையான சோதனை ஒன்றும் தேவைப்பட்டது. கென்யாவில் 15 முதல் 20 வயதுப் பெண்களிடம் நடந்த சோதனை அதைச் செய்தது. ஒரே டோஸ் பதினெட்டு மாதத்தில் 97.5 சதவீதப் பாதுகாப்புத் தந்ததாக 2022இல் முடிவு வந்தது.

அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரையை மாற்றியது. 9 முதல் 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸ். 21 வயதுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் போல நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் 2023இல் பள்ளி வயதினருக்கு ஒரே டோஸுக்கு மாறிவிட்டன. வேறு சில இடங்களில் மருத்துவர்கள் 15 வயதுக்கு மேல் மூன்று டோஸ் என்ற பழைய முறையையே பின்பற்றுகிறார்கள். மருந்துப் பெட்டியில் அச்சிட்ட அட்டவணையும் பெரும்பாலும் பழைய கணக்கில்தான் இருக்கும். உங்கள் மருத்துவர் சொல்வதும் செய்தியில் படித்ததும் வேறுபட்டால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஏன் இத்தனை டோஸ் என்று அவரிடமே கேளுங்கள். நல்ல மருத்துவர் காரணம் சொல்வார்.

இரண்டாவது டோஸை மறந்துவிட்டு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்து நினைவு வந்தால்? திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொண்டால் போதும். இடைவெளி நீண்டால் கெடுதல் இல்லை, ரொம்பக் குறைந்தால்தான் பிரச்சினை. இரண்டு டோஸ் முறையில் ஐந்து மாதத்துக்கும் குறைவான இடைவெளியில் போட்டால் இன்னொன்று தேவைப்படலாம். பூஸ்டர் ஊசி தற்போதைக்கு யாரும் பரிந்துரைப்பதில்லை. பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தும் பாதுகாப்புக் குறைந்ததற்கான அறிகுறி இல்லை.

எந்த நிறுவனத்தின் ஊசி என்பது அடுத்த கேள்வி. செர்வாரிக்ஸ் 16, 18 என்ற இரண்டு வகைகளைத் தடுக்கும். முதலில் வந்த கார்டாசில் அவற்றோடு 6, 11 சேர்த்து நான்கு. செர்வாவாக் ஊசியும் அதே நான்கைத்தான் தடுக்கிறது. கார்டாசில்-9 மேலே சொன்ன 31, 33, 45, 52, 58 ஆகிய ஐந்தையும் சேர்த்து ஒன்பது. ஒன்பது வகை ஊசி கிடைத்து, வாங்கவும் வசதி இருந்தால் நல்லதுதான். ஆனால் பெரும் பங்கு ஆபத்து 16, 18இல்தான் இருக்கிறது, அதை எல்லா ஊசிகளும் தடுக்கின்றன. ஒன்பது வகை ஊசிக்காக மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருப்பது என் பார்வையில் நஷ்டம்தான். அந்த இடைவெளியில் போகிற பலன் கூடுதல் வகைகளால் கிடைக்கிற பலனைவிடப் பெரிது.

வயது வந்தவர்கள் போட்டுக்கொள்ளலாமா?

26 வயது வரை போட்டுக்கொள்ளாதவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் 2018இல் கார்டாசில்-9 ஊசிக்கு 45 வயது வரை அனுமதி கொடுத்தார்கள். அனுமதி உண்டு என்பதால் எல்லோருக்கும் அவசியம் என்று ஆகாது. முப்பதைத் தாண்டிய பெரும்பாலானோர் சில வகைகளையாவது ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். நீண்ட காலமாக ஒரே துணையோடு வாழ்பவர்களுக்குப் புதிய தொற்று வரும் வாய்ப்பு குறைவு, ஆகவே ஊசியால் கிடைக்கும் கூடுதல் பலனும் குறைவு. மறுமணம், புதிய உறவு என்று வாழ்க்கை மாறுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. இந்த வயதில் ஊசியைக் கட்டாயம் போலப் பேசுவதும் சரியில்லை, வீண் செலவு என்று ஒதுக்குவதும் சரியில்லை. கையில் குறைந்த பணம்தான் இருக்கிறது, ஊசியா பரிசோதனையா என்று நாற்பது வயதுப் பெண் கேட்டால், பரிசோதனை என்றே சொல்வேன்.

ஊசிக்கு முன் எச்.பி.வி. சோதனை எடுக்கச் சொன்னால் அது தேவையற்றது. ஒரு வகைத் தொற்று இருந்தாலும் ஊசியில் உள்ள மற்ற வகைகளிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். எல்லா வகைகளும் ஒருவரிடம் இருப்பது மிக அரிது. முன்பு பாப் ஸ்மியரில் (கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) கோளாறு வந்து சிகிச்சை எடுத்தவர்களும் போட்டுக்கொள்ளலாம்.

ஆண் பிள்ளைகளுக்கு? தேவை இருக்கிறது. தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களில் ஒரு பங்குக்கு இதே வைரஸ்தான் காரணம். 2019இல் உலகம் முழுவதும் எச்.பி.வி.யால் ஆண்களுக்கு 70,000 புற்றுநோய்கள் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது, பெண்களுக்கு 6,20,000. இந்த வித்தியாசத்தால்தான் ஊசி குறைவாக உள்ள நாடுகள் பெண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன. ஆஸ்திரேலியா 2013இலிருந்தும் பிரிட்டன் 2019இலிருந்தும் ஆண் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே போடுகின்றன.

பக்கவிளைவுகளும் பயங்களும்

உண்மையாக வரக்கூடியவை: ஊசி போட்ட கையில் வலி, சிவப்பு, வீக்கம். இது பெரும்பாலோருக்கு இருக்கும். சிலருக்குத் தலைவலி, லேசான காய்ச்சல், உடம்பு வலி. ஓரிரு நாளில் சரியாகிவிடும். பதின்ம வயதினர் சிலர் ஊசி போட்டவுடன் மயங்கி விழுவார்கள். இது மருந்தால் அல்ல, ஊசி என்ற பதற்றத்தால் வருவது. எந்தத் தடுப்பூசிக்கும் நடக்கும். ஆனால் விழுந்து தலையில் அடிபட்டால் அது நிஜமான காயம். அதனால் உட்கார வைத்துப் போட்டு, 15 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். அவசரம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸ்களில் ஓரிருவருக்கு வரலாம். அதைக் கவனிக்கவும் அந்தக் காத்திருப்பு உதவும்.

முந்தைய டோஸுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மறுபடி போடக் கூடாது. கார்டாசில் ஈஸ்ட்டில் தயாராவதால் ஈஸ்ட்டுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடுமையான காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம். சாதாரணச் சளிக்குத் தேவையில்லை. மாதவிலக்கு நாளாக இருந்தாலும் போடலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் போடலாம். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை தள்ளிவைப்பார்கள். கர்ப்பம் தெரியாமல் ஊசி போட்டுவிட்டு, கருவைக் கலைக்க வேண்டுமோ என்று பதறுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அப்படிப் போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் காணப்படவில்லை. மீதி டோஸ்களை மட்டும் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

குழந்தை பிறக்காமல் போய்விடும் என்ற வதந்தி எல்லா மொழிகளிலும் சுற்றுகிறது. கருமுட்டைப்பை முன்கூட்டியே செயலிழக்கிறதா என்று அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் இளம்பெண்களின் மருத்துவப் பதிவுகளை அலசிப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. உண்மையில் தாய்மைக்குக் குறுக்கே வருவது கருப்பைவாய்ப் புற்றுநோயும் அதற்கான அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும்தான்.

பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பான் ஓர் உதாரணம். 2013 ஏப்ரலில் அங்கே இந்த ஊசியை வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தார்கள். தொடர்ந்த உடல் வலி, நடக்க முடியாமை, வலிப்பு போன்ற அசைவுகள் என்று சில பெண்களின் காணொளிகள் தொலைக்காட்சியில் வந்தன. இரண்டே மாதத்தில், ஜூனில், அரசு ஊசியை முனைந்து பரிந்துரைப்பதை நிறுத்தியது. தடை செய்யவில்லை, விரும்பினால் போட்டுக்கொள்ளலாம் என்றது. ஆனால் சுமார் 70 சதவீதமாக இருந்த எண்ணிக்கை ஒரு சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. நகோயா நகரம் தன் ஊரைச் சேர்ந்த இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பட்டியலிட்டு விசாரித்தது. ஏறக்குறைய 30,000 பேர் பதில் அனுப்பினார்கள். ஊசி போட்டவர்களிடம் அந்த அறிகுறிகள் போடாதவர்களைவிட அதிகமாக இல்லை. அந்தப் பெண்களின் துன்பம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை; பதின்ம வயதில் இப்படிப்பட்ட உபாதைகள் ஊசி இல்லாமலும் வருகின்றன என்பதுதான். அரசு மறுபடி பரிந்துரைக்கத் தொடங்க 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் ஊசி தவறிய தலைமுறையில் எதிர்காலத்தில் ஏறக்குறைய 5,000 கூடுதல் மரணங்கள் நேரலாம் என்று ஒரு கணிப்பு சொன்னது.

ஊசி போட்ட பிறகும் பரிசோதனை

ஒன்பது வகை ஊசியும் சுமார் 90 சதவீதப் புற்றுநோய்க்குக் காரணமான வகைகளைத்தான் தடுக்கிறது. மீதி பத்து சதவீதம் வெளியே இருக்கிறது. ஊசிக்கு முன்பே தொற்று வந்திருக்கவும் கூடும். அதனால் ஊசி போட்டவர்களும் பரிசோதனை வயது வந்ததும் அதைச் செய்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 30 வயதிலிருந்து, எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையாக இருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும் என்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு அதிகம் என்பதால் அவர்கள் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். இந்தச் சோதனைக்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் படுக்கக் கூசியே பல ஆண்டுகள் தள்ளிப்போட்டவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

2022இல் உலகம் முழுவதும் சுமார் 6.6 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, 3.5 லட்சம் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஊசியும் பரிசோதனையும் எட்டாத இடங்கள் அவை. 2030க்குள் 15 வயதுக்குட்பட்ட பெண்களில் 90 சதவீதம் பேருக்கு ஊசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 சதவீதம் பேருக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. மூன்றையும் சேர்த்தே இலக்கு வைத்ததைக் கவனிக்கலாம். ஊசியை மட்டும் நம்பி அவர்களும் திட்டம் போடவில்லை.

உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். ‘எனக்குத்தான் ஊசி போட்டாச்சே’ என்று இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது ஊசி போட்ட அட்டையையும் எடுத்துப் போங்கள். எந்தப் பெயருள்ள ஊசி, எத்தனை டோஸ், எந்தத் தேதிகளில் என்பது அதில் இருக்கும். பத்து வயதில் போட்ட ஊசியின் விவரம் முப்பது வயதில் யாருக்கும் நினைவிருக்காது. அட்டையைப் படம் எடுத்து, ஊசி போட்டுக்கொண்ட பிள்ளையிடமே ஒரு பிரதியைக் கொடுத்து வைப்பது நல்லது.